சல்லடைக்கு இப்பாலும் அப்பாலும்

நரம்பியல் மருத்துவர்களின் பரிசோதனைக் குறிப்புகளில் அடிக்கடி தென்படும் வரி ஒன்று உண்டு: “மூளை நரம்புகள் 2 முதல் 12 வரை இயல்பு.” மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் 12 இணை நரம்புகளில் முதலாவதைப் பற்றி அந்த வரி மூச்சு விடுவதில்லை. அது நுகர்ச்சி நரம்பு. அதைச் சோதிக்க நேரம் பிடிக்கும், கையில் வாசனைப் பொருள்கள் வேண்டும், வந்தவருக்குச் சளி பிடித்திருந்தால் முடிவு தப்பாகும். அதனால் விட்டுவிடுவதே வழக்கமாகிவிட்டது. கண்ணில் விளக்கடித்துப் பார்க்கிறார்கள், முழங்காலில் சுத்தியலால் தட்டுகிறார்கள், மூக்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டப்படும் அந்த நரம்புதான் உடலமைப்பில் மற்ற பதினொன்றிலிருந்தும் விலகி நிற்பது. அதன் மேல் மையலின் உறை கிடையாது.

நரம்புச் செல்லிலிருந்து நீளும் ஆக்சான் இழையின் மேல் கொழுப்பு மிகுந்த சவ்வு அடுக்கடுக்காகச் சுற்றி அமைவது மையலின் உறை. அதன் உலர் எடையில் 70 முதல் 80 விழுக்காடு கொழுப்பு. 1854இல் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ஷோ அதற்குப் பெயரிட்டார். சவ்வு எப்படிச் சுற்றிக்கொள்கிறது என்பது தெரிய இன்னும் 100 ஆண்டுகள் ஆயின. 1954இல் பெட்டி கெரன் கோழிக் கருவின் நரம்புகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, உறை போடும் ஷ்வான் செல்லின் சொந்தச் சவ்வே சுருளாகச் சுற்றுகிறது என்று காட்டினார். உறை இழை நெடுகத் தொடர்வதில்லை. இடையிடையே ரேன்வீர் கணுக்கள் எனப்படும் இடைவெளிகள் உண்டு. மின்துடிப்பு அந்தக் கணுக்களில் மட்டும் புத்துயிர் பெற்று ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. தடித்த, உறையுள்ள இழையில் துடிப்பு நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உறை போடுவது ஷ்வான் செல். ஒரு செல், ஒரு துண்டு உறை. உள்ளே அந்த வேலை ஆலிகோடென்ட்ரோசைட்டுகளுடையது. ஒன்றே பல கரங்களை நீட்டிப் பத்துக்கணக்கான துண்டுகளுக்கு உறை போட்டுவிடும். வேகம் தருவது மட்டுமல்ல, உள்ளிருக்கும் இழைக்கு லாக்டேட் போன்ற எரிபொருளை ஊட்டுவதும் இந்தச் செல்கள்தாம் என்பது கடந்த 20 ஆண்டுகளில் தெளிவாகியிருக்கிறது. உறை அழிந்தால் தகவல் தாமதமாகும். நாளடைவில் பட்டினியில் இழையே மடியும்.

இனி மூக்கு. நாசியறையின் கூரையில், இரு புறமும் சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் நுகர்செல்கள் பல லட்சக்கணக்கில் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றும் முழு நியூரான். ஒரு முனையில் கோழைப் படலத்துக்குள் மயிரிழைகளை நீட்டி வாசனை மூலக்கூறுகளைப் பிடிக்கிறது. மறு முனையில் ஆக்சானை மேலே மூளைக்கு அனுப்புகிறது. அந்த ஆக்சானின் தடிமன் சுமார் 0.2 மைக்ரோமீட்டர், உடலில் உள்ள நரம்பிழைகளிலேயே மிக மெல்லியவற்றுள் ஒன்று. இழைகள் கற்றைகளாகச் சேர்ந்து, மண்டையோட்டின் அடியில் சல்லடை போலத் துளைகள் கொண்ட எலும்புத் தட்டின் வழியே நுழைந்து, மேலே அமர்ந்திருக்கும் நுகர்ச்சிக் குமிழில் முடிகின்றன. மூக்கிலிருந்து குமிழ்வரை ஓரிழையின் மேலும் மையலின் இல்லை.

இந்த வெற்று இழைகளின் வேகத்தை அளந்தவர் சாதாரணமானவர் அல்ல. நரம்பிழைகளைத் தடிமனும் வேகமும் கொண்டு வகைப்படுத்தியதற்காக ஜோசஃப் எர்லாங்கருடன் 1944ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்த ஹெர்பர்ட் காசர்தான் அவர். 1956இல் பைக் என்ற நன்னீர் மீனின் நீண்ட நுகர்ச்சி நரம்பை எடுத்துச் சோதித்தார். துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 0.2 மீட்டர் நகர்ந்தது. பாலூட்டிகளின் உடல்வெப்பத்தில் இது கூடும். கூடினாலும் நொடிக்கு அரை மீட்டர் என்ற அளவுதான். காலில் முள் குத்திய வலியை எடுத்துச்செல்லும் மந்தமான இழைகள்கூட இதைவிட விரைவு.

ஏன் இப்படி? வாசனைப் புலனைப் பழமையானது, வளர்ச்சி குன்றியது என்று தள்ளிவிடும் பழைய பாடநூல் விளக்கம் எனக்கு உடன்பாடில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வெறுமையில் சிக்கனம் தெரிகிறது.

முதலில் இடம். மூளைக்கு வெளியே உள்ள நரம்புகளில் ஷ்வான் செல் உறை போடும் இழைகள் பெரும்பாலும் 1 மைக்ரோமீட்டருக்கு மேல் தடித்தவை. 1951இல் ரஷ்டன் என்ற பிரிட்டிஷ் உடலியங்கியலாளர், இந்த அளவுக்குக் கீழே உறையால் வேக ஆதாயம் இல்லை என்று கணித்தார். 1972இல் வேக்ஸ்மனும் பென்னெட்டும் மூளைக்குள் இருக்கும் இழைகளுக்கு அந்த எல்லையை 0.2 மைக்ரோமீட்டர்வரை இறக்கினார்கள். நுகர்செல்லின் ஆக்சான் சரியாக அந்த வாசற்படியில்தான் நிற்கிறது. அதை 1 மைக்ரோமீட்டராக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு 25 மடங்காகும். உறையின் கனத்தையும் சேர்த்தால் 50 மடங்கைத் தாண்டும். பல லட்சம் இழைகள், ஒவ்வொன்றும் 50 மடங்கு பருமனாகி, அதே எலும்புத் துளைகளில் நுழைந்தாக வேண்டும். அதற்குச் சல்லடைத் தட்டில் எலும்பே மிஞ்சாது.

அடுத்தது காலம். மனித மூக்கிலிருந்து குமிழ்வரை உள்ள தொலைவு 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் கடக்க 40 மில்லிசெகண்டு ஆகும். மூலக்கூறு கோழையில் கரைந்து, ஏற்பியில் ஒட்டி, செல்லுக்குள் வேதித் தூதுகளின் சங்கிலி ஓடி, மின்வாயில்கள் திறப்பதற்கு இதைவிடக் கூடுதல் நேரம் கழிந்துவிடுகிறது. நாம் ஒரு முறை முகர்வதே ஒன்றரை நொடி நீளும். அந்த 40 மில்லிசெகண்டை மிச்சம் பிடித்து ஆகப்போவது அதிகமில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நுகர்செல்கள் வெளிக்காற்றுக்கு நேராக முகம் காட்டி நிற்கும் நியூரான்கள். தூசு, புகை, வைரஸ் எல்லாம் முதலில் அவற்றைத்தான் தாக்கும். ஆகவே அவை சில வாரங்களிலோ மாதங்களிலோ மடிகின்றன. அடியில் இருக்கும் மூலச்செல்களிலிருந்து புதியவை பிறக்கின்றன. வாழ்நாள் முழுதும் இது நடக்கிறது. பிறக்கும் ஒவ்வொன்றும் புதிய ஆக்சானைச் சல்லடை வழியே அனுப்பி, குமிழில் தனக்குரிய இணைப்பு முடிச்சைத் தேடிச் சேர வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக உறை போடுவதென்றால் செலவு தாங்காது. அதோடு, மூளையின் மையலின் புதிய இழைகளின் வளர்ச்சியைத் தடுக்கும் குணம் கொண்டது. சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாபின் குழு 1988இல் இதற்குக் காரணமான புரதங்களைச் சுட்டியது; அவற்றில் முக்கியமான ‘நோகோ’வின் மரபணு 2000இல் கண்டறியப்பட்டது. தண்டுவடம் அறுந்தால் திரும்ப ஒட்டாததற்கான காரணங்களில் ஒன்று இது. வாழ்நாள் நெடுகப் புது இழைகளை வரவேற்க வேண்டிய பாதையில் இத்தகைய தடுப்பு இல்லாமலிருப்பது பொருத்தம்தான். புது இழைகள் வந்துசேரும் குமிழின் வெளி அடுக்குகளிலும் மையலின் அரிது.

வெற்று இழைகள் என்றாலும் அவை கேட்பாரற்றுக் கிடப்பதில்லை. நுகர்ச்சி நரம்புக்கென்றே ஒரு துணைச்செல் உண்டு. ஷ்வான் செல்லின் நெருங்கிய உறவு. கருவில் அதுவும் நரம்பு முகடு என்ற பகுதியிலிருந்தே வருகிறது என்று 2010இல் காட்டப்பட்டது. சுருளாகச் சுற்றி உறை போடுவதற்குப் பதில், நூற்றுக்கணக்கான மெல்லிழைகளைக் கத்தையாக அணைத்து மூக்கிலிருந்து மூளைவரை கூட்டிச்செல்கிறது. உடலில் புறநரம்பு மண்டலத்தின் எல்லையைத் தாண்டி, வளர்ந்த பின்னும் புதிய ஆக்சான்களை மூளைக்குள் நுழையவைக்கும் செல் இது. அந்தத் திறமைதான் பல ஆய்வாளர்களின் கண்ணைப் பறித்தது. லண்டனில் ஜெஃப்ரி ரெய்ஸ்மனின் குழு 1997இல் இந்தச் செல்களை எலியின் அறுந்த தண்டுவடத்தில் வைத்தபோது இழைகள் வெட்டைத் தாண்டி வளர்ந்தன; எலிகள் முன்னங்காலால் தீனியை எட்டி எடுக்கும் திறனை ஓரளவு மீட்டன.

இன்னொரு வியப்பும் அப்போதுதான் வெளிவந்தது. தன் சொந்த வீட்டில் ஒருபோதும் மையலின் போடாத இந்தச் செல், உறை இழந்த தடித்த இழைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் ஷ்வான் செல் பாணியில் உறை போடுகிறது என்று 1990களில் சில குழுக்கள் அறிவித்தன. மற்றவர்கள் நம்பவில்லை, வளர்ப்புக் கலத்தில் ஷ்வான் செல்கள் கலந்திருக்கும், உறை போட்டவை அவைதாம் என்றார்கள். இரண்டு செல்களையும் பிரித்தறிய நம்பகமான அடையாளப் புரதம் இல்லாததால் வாதம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இதற்குள் மனிதர்களிலும் சோதனை தொடங்கிவிட்டது. பிரிஸ்பேனில் ஆலன் மக்கே-சிம் குழு தண்டுவடம் சிதைந்த மூவருக்கு அவர்களுடைய மூக்கிலிருந்தே எடுத்த செல்களைச் செலுத்தியது. தீங்கு இல்லை, நடமாட்டத்தில் சொல்லத்தக்க பலனும் இல்லை. போலந்தில் கத்திக்குத்தில் தண்டுவடம் அறுந்த ஒருவர், தன் குமிழிலிருந்து எடுத்த செல்களும் கணுக்கால் நரம்பின் துண்டுகளும் பொருத்தப்பட்ட பின், தாங்கிகளின் உதவியோடு நடக்கத் தொடங்கியதாக 2014இல் வந்த அறிக்கை உலகம் முழுவதும் தலைப்புச் செய்தியானது. அதே ஆண்டு வந்த இன்னோர் அறிக்கைக்கு அவ்வளவு வெளிச்சம் கிடைக்கவில்லை. மூக்கின் சவ்வுத் துண்டைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு எட்டு ஆண்டுகள் கழித்து முதுகில் வலி வந்தது; திறந்து பார்த்தால் அங்கே கோழை சுரக்கும் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. சுத்திகரித்த செல்லுக்கும் திசுத் துண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடக் கடுமையாக யாரும் கற்பிக்க முடியாது.

சல்லடையைத் தாண்டிவிட்டால் கதை மாறுகிறது. 1991இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் நுகர்ச்சி ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்தார்கள். 2004இல் நோபல் பரிசு வந்தது. மனிதரில் செயல்படும் ஏற்பி வகைகள் சுமார் 400. ஒவ்வொரு நுகர்செல்லும் ஒரே ஒரு வகையைத் தாங்குகிறது. ஒரே வகையைத் தாங்கியவை எல்லாம் குமிழில் ஒரே முடிச்சுகளில் குவிகின்றன. அங்கிருந்து செய்தியை வாங்கிக்கொள்ளும் மைட்ரல் செல்கள் சில பத்தாயிரம் மட்டுமே. பல லட்சம் இழைகள் சில பத்தாயிரமாகச் சுருங்கிய பிறகு இடத்துக்குப் பஞ்சமில்லை. மைட்ரல் செல்கள் நிலையானவை, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதும் இல்லை. இங்கேதான் மையலின் வருகிறது. அவற்றின் ஆக்சான்கள் ஆலிகோடென்ட்ரோசைட்டுகளின் உறை போர்த்து நுகர்ச்சித் தடமாகப் பின்னோக்கி ஓடி, மற்றப் புலன்கள் எல்லாம் கடக்கும் தலாமஸைத் தொடாமல், வாசனையைப் படிக்கும் பிரிஃபார்ம் புறணிக்கு நேரே போகின்றன. போய்ச் சேர்ந்த பிறகு பிரியும் நுனிக் கிளைகள் மறுபடி உறையின்றியே இருக்கின்றன. குரங்கின் குமிழில் ஆக்சான்கள் மட்டுமல்லாமல், செய்தியை வாங்கும் கிளைகளான டென்ட்ரைட்டுகள் சிலவும் உறை போர்த்திருப்பதை 1971இல் பிஞ்சிங் என்ற ஆய்வாளர் கண்டார். மையலின் ஆக்சானுக்கே உரியது என்று படித்த எவருக்கும் அது இன்றைக்கும் விந்தைதான்.

வேகம் இங்கே ஏன் தேவைப்படுகிறது? வாசனையை மூளை படிப்பது எந்த முடிச்சு விழித்தது என்பதைக் கொண்டு மட்டுமல்ல. மூச்சின் எந்தக் கணத்தில், எந்த வரிசையில் விழித்தது என்பதையும் கொண்டு. எலியின் நுகர்செல்களை ஒளியால் தூண்டி 2011இல் செய்யப்பட்ட சோதனையில், முகர்ச்சிக்குள் 10 மில்லிசெகண்டு நேர மாற்றத்தையும் எலிகள் பிரித்துணர்ந்தன. வெற்று இழைகளில் வந்துசேரும் நேரம் சிதறினாலும், ஆயிரக்கணக்கானவை ஒரே முடிச்சில் குவியும்போது சிதறல் சமனாகிவிட வாய்ப்புண்டு. மைட்ரல் செல்லைத் தாண்டியபின் அந்தச் சலுகை இல்லை. அங்கே உறை சிதைந்தால் வரிசையே குலையும். ஆனாலும் மையலின் இல்லாவிட்டால் வாசனையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எலிக்குட்டிகள் பிறந்த உடனேயே வாசனையைப் பிடித்துத் தாயின் முலைக்காம்பைத் தேடுகின்றன. அவற்றின் நுகர்ச்சித் தடத்தில் உறை போடும் வேலை நாள்கள் கழித்தே தொடங்குகிறது. குட்டிக்குத் தெரிய வேண்டியது ஒரு வாசனை. வளர்ந்த எலிக்குப் பல வாசனைகளை ஒன்றோடொன்று குழப்பாமல் பிரிக்கத் தெரிய வேண்டும்.

கண்ணிலும் இதே ஏற்பாடு இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. விழித்திரையில் ஆக்சான்கள் வெறுமையாக ஓடுகின்றன, ஒளி தடைபடாமல் உள்ளே போக வேண்டுமே. கண்ணின் பின்புறம் சல்லடை போன்ற ஒரு தட்டைத் தாண்டியதும் உறை போர்த்துப் பார்வை நரம்பாகின்றன. ஒரு வேறுபாடு பெரியது: பார்வை நரம்பில் உறை அழற்சி வந்தால் ஒரு கண் மங்கும், அசைத்தால் வலிக்கும், நோயாளி அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுவார். நுகர்ச்சித் தடத்தில் அதே சேதம் வந்தால் சாம்பார் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது என்பார், அவ்வளவுதான்.

மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோயில் நடப்பது இதுவே. உடலின் எதிர்ப்பாற்றல் மூளையின் மையலினைத் தாக்கி அங்கங்கே தழும்புத் திட்டுகளை உண்டாக்கும் நோய் இது. 1976இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்நோயாளிகளுக்கு வாசனை தென்படும் குறைந்தபட்சச் செறிவை அளந்து, நலமானவர்களோடு வேறுபாடு இல்லை என்று முடித்தது. பல ஆண்டுகள் அந்த முடிவே நிலைத்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டோட்டி 1984இல் 40 வாசனைகளைச் சுரண்டி முகர்ந்து அடையாளம் சொல்லும் சோதனை ஏட்டை உருவாக்கியிருந்தார். அதை 26 நோயாளிகளிடம் வைத்துப் பார்த்து, எம்.ஆர்.ஐ. படங்களோடு ஒப்பிட்டு 1997இல் அவர் குழு வெளியிட்டது. நெற்றி மடலின் அடிப்பகுதியிலும் பொட்டு மடலிலும், அதாவது வாசனை அறியப்படும் இடங்களில், திட்டுகள் கூடக்கூட மதிப்பெண் இறங்கியது. மூளையின் மற்ற இடங்களில் இருந்த திட்டுகளுக்கு அந்தத் தொடர்பு இல்லை. பிறகு சிலரை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, அந்தத் திட்டுகள் கூடிக் குறைவதற்கேற்ப நுகரும் திறனும் மாறியது. இறந்தவர்களின் மூளைகளைச் சோதித்த ஆய்வுகளில் குமிழிலும் தடத்திலும் மையலின் இழப்பு அடிக்கடி காணப்பட்டிருக்கிறது. இன்று 20 முதல் 45 விழுக்காடு நோயாளிகளிடம் நுகர்குறைவு இருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தமக்குக் குறை இருப்பதே தெரியாது.

1976ஆம் ஆண்டின் ஆய்வு பொய் சொல்லவில்லை. அது அளந்தது வேறு. வாசனை இருக்கிறதா என்பதற்கு மூக்கும் குமிழும் போதும். அது இன்னதென்று சொல்ல, சல்லடைக்கு அப்பாலுள்ள உறையுடைய பாதைகள் பழுதின்றி இருக்க வேண்டும். இந்தப் பிரிவினையும் முழுச் சுத்தமானதல்ல. ஆஸ்திரியாவில் இன்ஸ்புரூக் குழு காட்டியபடி, அழற்சி கொதிக்கும் காலத்தில் குறைந்தபட்சச் செறிவு உணர்வும் தற்காலிகமாகக் கெடுகிறது. அடையாளம் சொல்லும் திறன் கெடுவது நிலையான ஊனத்தோடு சேர்ந்து வருகிறது. முதலாவது கொதிப்பின் அளவுகோல், இரண்டாவது சேதத்தின் அளவுகோல். மாதிரி எலிகளில் இன்னொரு வழியும் தெரியவந்தது. அழற்சியால் மூளையறைகளை ஒட்டிய மூலச்செல் பகுதி பழுதாகி, குமிழுக்குப் புது நியூரான்கள் போய்ச்சேர்வது குறைந்து, அதனாலும் நுகர்திறன் குன்றியது. எனவே இந்நோயில் வாசனை போனால் உடனே மையலின்மேல் மட்டும் பழி போடுவது அவசரம்.

இந்தச் சோதனைகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். டோட்டியின் ஏட்டில் ரூட் பியர், டில் ஊறுகாய் போன்ற வாசனைகள் உண்டு. அமெரிக்கப் பள்ளிச் சிறுவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதை மதுரையில் பிறந்து வளர்ந்த பேராசிரியர் சொல்ல மாட்டார். அவருடைய மையலினுக்கு ஒரு குறையும் இருக்காது. அடையாளம் காணும் சோதனை அறிமுகத்தையும் சேர்த்தே அளக்கிறது. பெருங்காயம், வெந்தயம், மல்லிகை, சாம்பிராணி வைத்து நம் ஊருக்குத் தரப்படுத்திய அட்டவணை இல்லாமல் இந்த மதிப்பெண்களை இங்கே அப்படியே பயன்படுத்துவது சரியல்ல. கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் மட்டும் வைத்துச் சோதிப்பதும் பிழை. அவற்றின் காரத்தையும் குளிர்ச்சியையும் உணர்வது முகத்துக்குரிய ஐந்தாம் நரம்பு. அதில் உறையுள்ள இழைகளும் உண்டு. வாசனை அறவே போனவரும் அம்மோனியாவுக்கு முகம் சுளிப்பார்.

மேலே சொன்ன எல்லைக்கோட்டை ஒரு நோய் அழித்துவிட்டுப் போகிறது. நார்வே நரம்பியலாளர் சிக்வால்ட் ரெஃப்சம் 1940களில் விவரித்த மரபு நோய் அது. ஃபைட்டானிக் அமிலம் என்ற கொழுப்பை உடைக்கும் நொதி பழுதாகி, அது ரத்தத்திலும் நரம்பிலும் தேங்குகிறது. அசைபோடும் விலங்குகளின் பாலிலும் கொழுப்பிலும் சில மீன்களிலும் இருந்து நமக்கு வருவது அது. இரவுக் குருடு, தள்ளாட்டம், காது மந்தம், கை கால் நரம்புகளில் மையலின் அழிவு என்று வரிசையாக வரும். பாடநூல்கள் இதை மையலின் அழிவு நோய்களின் பட்டியலில் வைக்கின்றன. ஆனால் ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும், அதுவும் பெரும்பாலும் இளவயதிலேயே, போய்விடுவது வாசனை. சல்லடைவரை அழிவதற்கு மையலினே இல்லாத பாதையின் புலன். தேங்கும் கொழுப்பு செல்களை நேரடியாகவும் நஞ்சூட்டுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். இந்த நோயை உணவுக் கட்டுப்பாட்டால் பெருமளவு அடக்கிவைக்க முடியும் என்பதால் முன்கூட்டிக் கண்டுபிடிப்பது பார்வையைக் காப்பாற்ற உதவலாம். மாலைக்கண் என்று வரும் இளைஞரிடம் வாசனை தெரிகிறதா என்று கேட்க ஒரு நிமிடம் போதும்.

பார்க்கின்சன் நோயில் நிலைமை தலைகீழ். 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நுகர்குறைவு உண்டு. கைநடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே அது தொடங்குகிறது. 2003இல் ஹைக்கோ பிராக்கின் குழு, நோயின் அடையாளமான புரதக் கட்டிகள் முதலில் தோன்றும் இடங்களில் நுகர்ச்சிக் குமிழும் அதன் பின்னுள்ள முன் நுகர்ச்சிக் கருவும் உண்டு என்று காட்டியது. எந்த நியூரான்கள் பலியாகின்றன என்று பார்த்த பிராக் ஒரு பொதுப்பண்பை எடுத்துரைத்தார். நீண்ட, மெல்லிய, உறையே இல்லாத அல்லது அரைகுறை உறை போட்ட ஆக்சான்களைக் கொண்டவை அவை. உறையில்லாத இழை ஒவ்வொரு துடிப்புக்கும் தன் நீளம் முழுவதும் மின்னூட்டத்தைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. ஆற்றல் செலவு அதிகம், ஆபத்தும் அதிகம் என்பது அவர் தரப்பு விளக்கம். எல்லோரும் ஏற்றுக்கொண்டதல்ல என்றாலும் இதில் உள்ள முரண் கவனிக்கத்தக்கது. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸில் மையலின் இருப்பதே தாக்குதலை வரவழைக்கிறது. பார்க்கின்சனில் அது இல்லாததுதான் பலவீனம்.

கோவிட் காலத்தில் உலகமே மூக்கைப் பற்றிப் பேசியது. பேச்சில் அவசரமும் இருந்தது. 2020இல் ஹார்வர்டில் சந்தீப் ராபர்ட் தத்தாவின் குழு, வைரஸ் நுழைவதற்கான ஏற்பிகள் நுகர்செல்களில் இல்லை, அவற்றைத் தாங்கி நிற்கும் வேறு செல்களில்தான் உள்ளன என்று காட்டியது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வாசனை திரும்பியதற்கு இது பொருந்தும். சேதம் சல்லடைக்கு இப்பால், புதுப்பிக்கக்கூடிய பாதியில். திரும்பாதவர்கள்? 2022இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கோவிட்டோடு இறந்த 23 பேரின் நுகர்ச்சித் திசுவை மற்ற 14 பேருடையதோடு ஒப்பிட்டார்கள். ஆக்சான் சேதமும் நுண்குழாய்ச் சேதமும் கூடுதலாக இருந்தன, வாசனை இழந்தவர்களிடம் இன்னும் கூடுதல். அதே ஆண்டு மிஷெல் மோஞ்சேயும் அகிகோ இவசாகியும் நுரையீரல் வழியாக மட்டும் லேசான தொற்று ஏற்பட்ட எலிகளின் மூளையில் ஆலிகோடென்ட்ரோசைட்டுகளும் உறையுள்ள இழைகளும் குறைந்ததைக் கண்டார்கள். அது நுகர்ச்சித் தடத்தைப் பற்றிய ஆய்வு அல்ல. கோவிட் வாசனையைப் பறித்தது மையலினை அழித்துத்தான் என்று இந்த இரண்டையும் ஒட்டுப்போட்டுச் சொன்ன கட்டுரைகள் சான்றைத் தாண்டிப் போய்விட்டன.

சிகிச்சையும் சல்லடையால் இரண்டாகப் பிரிகிறது. இப்பால் உள்ள பாதி தானாக வளரக்கூடியது. அதற்குத் தூண்டுதல் போதும். டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் 2009இல் வெளியிட்ட முறையில் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் காலையும் மாலையும் 12 வாரங்கள் முகர வேண்டும். பலருக்குப் பலன் தெரிகிறது, செலவும் இல்லை. அப்பால் உள்ள பாதிக்கு மையலினைத் திரும்பப் போடவைக்கும் மருந்து வேண்டும். ஒவ்வாமைக்குத் தரப்படும் பழைய மருந்தான கிளமாஸ்டின் அந்த வேலையைச் சிறிது செய்கிறது என்று சான் ஃபிரான்சிஸ்கோவில் 50 மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோயாளிகளிடம் நடந்த சோதனை 2017இல் காட்டியது. பார்வை நரம்பின் தாமதம் கண்ணுக்குச் சராசரியாக 1.7 மில்லிசெகண்டு குறைந்தது. இவ்வளவு சிறிய மாற்றத்தை அளக்க முடிந்ததற்குக் காரணம், கண்ணுக்கு முன் சதுரங்கக் கட்டத்தைச் சட்டென்று மாற்றி, அந்தக் கணத்திலிருந்து எண்ண முடியும் என்பது. வாசனை அப்படிச் சட்டென்று தொடங்குவதில்லை. மூச்சோடு ஊர்ந்து வருகிறது, வெற்று இழைகளில் தவழ்ந்து போகிறது.

2020இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோஹன் லுண்ட்ஸ்ட்ரோமின் குழு புருவங்களுக்கு மேலே மின்முனைகளை ஒட்டி, மண்டையைத் திறக்காமலே நுகர்ச்சிக் குமிழின் துடிப்பைப் பதிவுசெய்தது. கண்ணைவிட மூக்கில் கணக்கைத் தொடங்குவது கடினமாக இருந்ததற்கு மாற்று இதில் இருக்கிறது. வாசனை மூக்கில் நுழைந்த கணத்திலிருந்து எண்ணத் தேவையில்லை. குமிழ் விழித்த கணத்திலிருந்து எண்ணலாம். அதையும் புறணி விழிக்கும் கணத்தையும் சேர்த்துப் பதிவுசெய்தால், இடைப்பட்ட தாமதத்தில் வெற்று இழைகளின் பங்கு கழிந்துவிடும். எஞ்சுவதில் உறையுள்ள தடத்தின் நிலைமை தெரியும். கிளமாஸ்டின் போன்ற மருந்துகளின் அடுத்த சோதனைகளில், பார்வை நரம்பை அளக்கும் அதே நாற்காலியில் நோயாளியின் நெற்றியிலும் நான்கு மின்முனைகளை ஒட்டிவிடலாம்.